மாசித் திருவிழாவுக்கு முன் மிக்ஸருக்கும் கேமராவுக்கும் ஃபர்ம்வேர் மாற்றலாமா?

கேள்வி இது: தேவகோட்டையில் மெல்லிசைக் குழு நடத்தும் ஒரு தம்பியிடம் பெரிங்கர் எக்ஸ்32 மிக்ஸர், கோர்க் பிஏ வரிசைக் கீபோர்டு, ஜூம் எச்6 ரெக்கார்டர் இருக்கின்றன. சிங்கப்பூர் சித்தப்பா கொடுத்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100எஃப் கேமராவும், பரணிலிருந்து எடுத்த பழைய கேனன் இக்ஸஸும் கூட உண்டு. எல்லாவற்றுக்கும் புது ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள் இருந்து அதை நடத்தும் மென்பொருள், வந்திருக்கிறதாம். மாசி, பங்குனி நிகழ்ச்சிகள் தொடங்குமுன் ஒரே மூச்சில் போட்டுவிடலாமா, போட்டால் ஏதாவது செத்துப்போகுமா என்கிறார்.

ஒரே மூச்சில் வேண்டாம், தம்பி. நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது எதையும் தொடவே வேண்டாம். அப்டேட்டில் சாதனம் அடியோடு செத்துப்போவது அரிது. ஆனால் கை பழகிய ரூட்டிங் (எந்த ஒலி எந்த வழியில் போக வேண்டும் என்ற அமைப்பு) மாறிப்போவதும், சேமித்து வைத்த டோன், அதாவது வாத்திய ஒலி, காணாமல் போவதும் சகஜம். குன்றக்குடியிலோ காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலிலோ மேடையேறிய பிறகு அதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. புரட்டாசியோ மார்கழியோ, கல்யாணமில்லாத வாரமாகப் பார்த்து ஒரு நாளைக்கு ஒரு சாதனம் என்று செய்யுங்கள். மாற்றியபின் ஒரு முழு ஒத்திகை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

அதற்கும் முந்திய கேள்வி, மாற்றத்தான் வேண்டுமா என்பது. செல்போனைப் போல இங்கே புதியது வந்தாலே போட்டுவிட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இந்தச் சாதனங்களில் பல இணையத்தைப் பார்ப்பதே இல்லை. தயாரிப்பாளர் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் என்ன மாறியது என்று ஒரு குறிப்பு இருக்கும். அதில் உங்களுக்கு இருக்கும் கோளாறோ உங்களுக்கு வேண்டிய வசதியோ இருந்தால் மட்டும் போடுங்கள். 'சிறு திருத்தங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் விட்டுவிடலாம்.

உண்மையிலேயே போட வேண்டிய அப்டேட்டுகளும் உண்டு. 2011இல் வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 கேமரா ஃபோகஸ் ஆவதில் மந்தம் என்று பெயர் வாங்கியது. அடுத்த மாடல் கடைக்கு வந்த பிறகும், 2013 அக்டோபரில் அதற்கு 2.00 பதிப்பு கொடுத்தார்கள். ஃபோகஸ் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடியது, ஃபோகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் எடுத்துக்காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கும் வந்தது. அதற்கு நேர் எதிரானதும் நடந்திருக்கிறது. 2009இல் பானசோனிக் சில லூமிக்ஸ் மாடல்களுக்குக் கொடுத்த ஃபர்ம்வேர், வேறு கம்பெனி பேட்டரியைக் கண்டால் வேலை செய்ய மறுத்தது. டூப்ளிகேட் பேட்டரியோடு ஓடிக்கொண்டிருந்தவர்கள் நல்ல கேமராவைத் தாங்களே முடக்கிக்கொண்டார்கள். குறிப்பைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஃபர்ம்வேரால் தீராத கோளாறுகளுக்கு அதைப் போட்டுப் பார்ப்பதும் இங்கே வழக்கமாகிவிட்டது. கேமராவில் லென்ஸ் எரர் வந்தால் அது பெரும்பாலும் பல்சக்கரத்தில் சிக்கிய மணல், அல்லது கீழே விழுந்ததில் நகர்ந்த குழல். மிக்ஸரில் ஃபேடர் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) கரகரத்தால் தூசி. கீபோர்டில் ஒரு கட்டை மட்டும் சத்தமாக ஒலித்தால் அடியில் இருக்கும் ரப்பர் கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது. 2002 முதல் 2004 வரையிலான பழைய கேமராக்களில் படம் ஊதா நிறமாகவோ கோடு கோடாகவோ வந்தால், அது சோனி செய்து பல கம்பெனிகளுக்குக் கொடுத்த சிசிடி சென்சாரின் தயாரிப்புக் குறை. 2005இல் கேனன், நிக்கான் உட்படப் பல கம்பெனிகளே அறிவிப்பு வெளியிட்டு ஒத்துக்கொண்ட குறை அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் அந்தக் குறை சீக்கிரம் தலைகாட்டும் என்றும் சொன்னார்கள். நம் ஊர்ப் பரணில் கிடந்த கேமராவுக்கு அது நன்றாகவே பொருந்தும். எந்த ஃபர்ம்வேரும் அதைத் திருத்தாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். சாதனத்தின் ஃபிளாஷ் நினைவகத்தில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று பூட்லோடர். பவர் போட்டதும் முதலில் விழிப்பது அது. இன்னொன்று நாம் பார்க்கும் மெனு, ஒலி, ஃபோகஸ் எல்லாவற்றையும் நடத்தும் முதன்மை நிரல். அப்டேட் என்றால் பூட்லோடர் புதிய கோப்பைச் சரிபார்த்து, பழைய முதன்மை நிரலைத் துண்டு துண்டாக அழித்து, புதியதை எழுதும். அழித்தபின், எழுதி முடிக்குமுன் கரண்ட் போனால் முதன்மை நிரல் அரைகுறையாக நிற்கும். பூட்லோடர் பிழைத்திருந்தால் மறுபடி அதே கோப்பைக் கொடுத்து மீட்கலாம். சில அப்டேட்டுகள் பூட்லோடரையே மாற்றும். அந்த நேரத்தில் கரண்ட் போனால்தான் போர்டைக் கழற்ற வேண்டிய நிலை வரும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு எந்த அப்டேட் எந்த வகை என்று தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கை.

ஆகவே முதலில் கரண்ட். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலையில்தான் வரும். முந்தின நாள் நாளிதழில் ஊர்ப் பெயரோடு அறிவிப்பு வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை, சித்திரைக் கோடை இடி, இந்த நாட்களில் வேண்டாம். எக்ஸ்32 சுமார் 120 வாட்தான் இழுக்கும், கணினிக்கு வைக்கும் 600 விஏ யூபிஎஸ் தாராளமாகப் போதும். வீட்டு இன்வெர்ட்டரில் செருகுவதானால் அதன் பின்பக்கம் 'யூபிஎஸ் மோடு' என்ற சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் லைன் மாறும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, மிக்ஸருக்குத் தெரியும். பந்தல் ஜெனரேட்டரில் இந்த வேலையே வேண்டாம். கேமராவுக்கு முழுச் சார்ஜ் ஆன, கம்பெனி பேட்டரி. பழைய பேட்டரி மூன்று கோடும் காட்டும், சுமை ஏறியதும் சட்டென்று விழும். ரெக்கார்டரில் ஏஏ பேட்டரி போடுவதானால் புது ஆல்கலைன் போடுங்கள். ரீசார்ஜபிள் செல்லின் 1.2 வோல்ட்டைப் பார்த்துச் சாதனம் சார்ஜ் குறைவு என்று நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, கார்டும் பென் டிரைவும். தகராறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மிக்ஸர், கீபோர்டு, ரெக்கார்டர் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பிடித்தது, கார்டில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஃபேட்32 என்ற வடிவம். 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகள் கடையிலிருந்தே ஃபேட்32இல் வரும். 64 ஜிபி முதல் எஸ்டிஎக்ஸ்சி, அவை எக்ஸ்ஃபேட்டில் வரும். பழைய சாதனம் எக்ஸ்ஃபேட்டைப் பார்த்தால் கார்டே இல்லை என்று சொல்லும், அல்லது கோப்பு இல்லை என்று சொல்லும். 2 ஜிபி வரை மட்டும் படிக்கும் மிகப் பழைய கேமராக்களும் உண்டு. அவற்றுக்கு எஸ்டிஎச்சி கார்டுகூட ஆகாது, வெறும் எஸ்டி கார்டுதான். டிராயரில் பழைய 2 ஜிபி கார்டு ஒன்றும் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். இந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

64 ஜிபி பென் டிரைவ்தான் கைவசம் இருக்கிறது என்றால், விண்டோஸின் பல பதிப்புகளில் வலது கிளிக் ஃபார்மேட்டில் ஃபேட்32 என்ற தேர்வே காட்டாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, இருக்கும் பகுதியை நீக்கி, 4096 எம்பிக்குப் புதுப் பகுதி ஒன்று உருவாக்கினால் அதற்கு ஃபேட்32 கொடுக்கலாம். மீதி இடம் காலியாகக் கிடக்கட்டும். வேலை முடிந்தபின் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். கேமரா கார்டை மட்டும் கணினியில் ஃபார்மேட் செய்யாதீர்கள், கேமராவிலேயே செய்யுங்கள். அதற்குப் பிடித்த வடிவம் எது என்று அதற்குத்தான் தெரியும். அதற்கு முன் படங்களை வேறிடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கோப்பின் பெயர். சாதனம் தேடுவது ஒரே ஒரு பெயரை. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100எஃப்பின் கோப்பு எஃப்டபிள்யூயூபி என்று தொடங்கி எண்ணோடு முடியும். ஒருமுறை டவுன்லோடு செய்து, சந்தேகம் வந்து மறுமுறையும் செய்தால் பிரவுசர் இரண்டாவதன் வாலில் அடைப்புக்குறிக்குள் 1 சேர்த்துவிடும். கேமரா அதைத் திரும்பியும் பார்க்காது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள். பெயரை மாற்றித் திருத்துவதைவிட அது நல்லது, ஏனென்றால் முதல் கோப்பு முழுதாக வந்ததா என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.  தளத்தில் கோப்பின் அளவைப் பைட் கணக்கில் போட்டிருந்தால் அதோடு ஒத்துப் பாருங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஜிப்பாக வந்தால் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்பை மட்டும் எடுங்கள். விண்டோஸில் ஜிப்பை இரட்டைக் கிளிக் செய்தால் ஃபோல்டர் போலவே திறக்கும், பிரித்துவிட்டோம் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பெரும்பாலானவை கார்டின் முதல் தளத்தில், எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல், வெளியே இருக்க வேண்டும். விதிவிலக்கும் உண்டு: டாஸ்காம் டிஆர்-05, டிஆர்-40 ரெக்கார்டர்களுக்குக் கார்டில் இருக்கும் 'யுடிலிட்டி' ஃபோல்டருக்குள் போட்டு, 'குயிக்' பட்டனை அழுத்தியபடி பவர் போட வேண்டும்.

மேக் கணினியில் நகலெடுத்தால் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த அதே பெயரில் ஒரு மறைவான குட்டிக் கோப்பு கூடவே போய் உட்காரும். சில சாதனங்கள் அதை எடுத்துக்கொண்டு 'கோப்பு பழுது' என்கின்றன. கடைசியாக ஜெராக்ஸ் கடை. அங்கே செருகி எடுத்த பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் ஒட்டிக்கொண்டு, உண்மையான கோப்புகளை மறைத்து, அதே பெயரில் போலிகளை வைத்திருக்கும். கணினியில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், மிக்ஸர் மட்டும் எதுவும் இல்லை என்று சொல்லும். கல்யாணப் பத்திரிகை பிரிண்ட் எடுக்கப் போன பென் டிரைவை மிக்ஸரில் குத்தாதீர்கள்.

இனி உங்கள் சாதனங்கள் ஒவ்வொன்றாக.

எக்ஸ்32க்கு வழி சுலபம். முதலில் உங்கள் ஷோவையும் சீன்களையும் (மிக்ஸரில் சேமித்து வைத்த அமைப்புகள்) வேறொரு பென் டிரைவில் ஏற்றுமதி செய்துவிடுங்கள். ஃபர்ம்வேர் ஜிப்பைப் பிரித்தால் 'ரன்' என்ற வாலோடு ஒரே ஒரு கோப்பு வரும். ஃபேட்32 பென் டிரைவின் முதல் தளத்தில் அதை வைத்து, மிக்ஸரை அணைத்து, மேலே இருக்கும் யூஎஸ்பி துளையில் செருகி, திரைக்குப் பக்கத்து 'லாக்' பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பவர் போடுங்கள். திரையில் அப்டேட் மோடு வரும்வரை விரலை எடுக்கக் கூடாது. பிறகு அது தானே எல்லாம் செய்துகொள்ளும், வழக்கமாக எழுந்திருக்கும் நேரத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூட ஆகும். அப்டேட் திரையிலேயே நின்றுவிட்டால் பதற வேண்டாம். பென் டிரைவில் கோப்பைக் காணவில்லை, அல்லது கோப்பு பழுது என்று பொருள், இன்னும் எதையும் அழிக்கவில்லை. அணைத்துவிட்டு, 'லாக்' அழுத்தாமல் போட்டால் பழைய பதிப்போடு எழுந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 4.0 பதிப்பில் யூசர் ரூட்டிங் என்ற வசதி வந்தது, ரூட்டிங் பக்கமே மாறிப்போனது. புதுப் பதிப்பில் சேமித்த சீனைப் பழைய பதிப்பில் இருக்கும் வாடகை மிக்ஸரில் ஏற்றினால் அந்த ரூட்டிங் அங்கே கிடையாது. சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்ஸரிலும் வாசிப்பவர்கள் அவரிடம் என்ன பதிப்பு என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். லேப்டாப்பிலும் டேப்லெட்டிலும் இருந்து மிக்ஸரை இயக்கும் எக்ஸ்32 எடிட் போன்ற மென்பொருளையும் அதே பதிப்புக்கு இணையானதாக மாற்றிக்கொள்ள வேண்டும். பெரிங்கரின் சிறிய மிக்ஸரான எக்ஸ்ஆர்18 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை வைஃபையில் செய்யாதீர்கள். லேன் கேபிள் போட்டு, கணினியிலிருந்து எக்ஸ்-ஏர் எடிட் வழியாகச் செய்யுங்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் தடிமனுக்கு, முகப்பில் மிக்ஸரும் வளவில் லேப்டாப்பும் இருந்தால் சிக்னல் எப்போது அறும் என்று சொல்ல முடியாது.

கோர்க் பிஏ கீபோர்டுக்கு ஆபத்து வேறு பக்கம். இங்கே நாதஸ்வரம், தவில், டோலக், உருமி என்று வாங்கியும் திருத்தியும் சேர்த்த டோன்கள்தான் வாசிப்பவரின் சொத்து. கோர்க் தரும் அப்டேட்டில் இயங்குதளம் ஒரு பகுதி, மியூசிக்கல் ரிசோர்சஸ் என்ற ஃபேக்டரி டோன், ஸ்டைல் தொகுப்பு இன்னொரு பகுதி. இரண்டாவதைப் போட்டால் ஃபேக்டரி இடத்தில் நீங்கள் திருத்தி வைத்ததெல்லாம் ஃபேக்டரி நிலைக்கே திரும்பிவிடும். மீடியா பக்கத்தில் யுடிலிட்டி என்ற பிரிவில் 'ஃபுல் ரிசோர்ஸ் பேக்கப்' இருக்கும். அதை எடுத்து, பென் டிரைவிலிருந்து கணினிக்கும் ஒரு நகல் மாற்றிய பிறகே அடுத்த அடி வையுங்கள். பேக்கப் எடுத்துவிட்டோம் என்பது போதாது. அதில் கோப்புகள் உண்மையில் இருக்கின்றனவா, அளவு பூஜ்யமாக இல்லையா என்று திறந்து பாருங்கள். ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 போன்றவற்றில் இந்திய டோன்களை ஏற்றி வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். மாடல் பெயரின் கடைசி எழுத்து வரை ஒத்துப் பார்ப்பதும் அவசியம். காஸியோ சிடி-எக்ஸ்8000ஐஎன், சிடி-எக்ஸ்9000ஐஎன் என்று இந்தியாவுக்கென்றே வந்த மாடல்கள் இருக்கின்றன. மலேசியாவில் வாங்கிய கீபோர்டும் காரைக்குடியில் வாங்கியதும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கோப்பு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஜூம் எச்6க்கு, கார்டை ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்து, கோப்பை முதல் தளத்தில் வைத்து, ப்ளே/பாஸ் பட்டனை அழுத்தியபடி பவர் போடுங்கள். பழைய எச்4என்னுக்கும் அதே பட்டன்தான், ஆனால் அது 32 ஜிபிக்கு மேல் ஏற்காது.

யூஎஸ்பியே இல்லாத பழைய சிந்த் (சிந்தசைசர்), ஒலி மாட்யூல்களுக்கு ஃபர்ம்வேர் மிடி என்ற இசைக்கருவி இணைப்பு வழியாகப் போகும், சிஸ்எக்ஸ் என்ற சாதனத்துக்கே உரிய செய்தியாக. மிடி கேபிளின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்துப் பத்து பிட் செலவாகும், ஆக நொடிக்கு 3,125 பைட். ஒரு எம்பி கோப்பு போக ஐந்தரை நிமிடம். நடுவே ஒரு பைட் தவறினாலும் செக்சம், அதாவது எல்லாம் சரியாக வந்ததா என்று பார்க்கும் கூட்டுக் கணக்கு, பொருந்தாது. மலிவான யூஎஸ்பி-மிடி கேபிள்கள் சுரம் அனுப்பும்போது நன்றாகவே வேலை செய்யும், நீளமான சிஸ்எக்ஸ் வந்ததும் அவற்றின் சின்ன பஃபர் நிரம்பிப் பைட்டுகளைக் கொட்டிவிடும். 'செக்சம் எரர்' என்று வந்தால் சிந்தைச் சந்தேகிக்குமுன் கேபிளைச் சந்தேகியுங்கள். நல்ல இன்டர்ஃபேஸ் ஒன்றைக் கடன் வாங்குங்கள், இல்லையென்றால் மிடி-ஆக்ஸ் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இடையே தாமதம் கூட்டி அனுப்புங்கள். அனுப்பும்போது கணினியில் வேறு இசை மென்பொருள் எதுவும் திறந்திருக்கக் கூடாது.

ஒலியாகவே ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்ளும் சாதனமும் உண்டு. கோர்க் வோல்கா சாம்பிள் என்ற சிறு இசைக்கருவிக்கு ஒரு ஒலிக்கோப்பைப் போனில் ஓடவிட்டு, ஸ்டீரியோ கேபிளால் அதன் சிங்க் இன் துளைக்குக் கொடுக்க வேண்டும். போனை ஃபிளைட் மோடில் போட்டு, ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்தி, வால்யூமை முழுக்க வையுங்கள். நடுவில் ஒரு வாட்ஸ்அப் 'டிங்' வந்தாலும் அதுவும் ஃபர்ம்வேரோடு சேர்ந்து உள்ளே போகப் பார்க்கும்.

கேமராவுக்கு வருவோம். எக்ஸ்100எஃப்பில் டிஸ்ப்/பேக் பட்டனை அழுத்தியபடி ஆன் செய்தால் இப்போதிருக்கும் பதிப்பு திரையில் வரும். கார்டில் புதுக் கோப்பு இருந்தால் இரண்டு எண்ணையும் காட்டி மாற்றவா என்று கேட்கும். சார்ஜ் குறைவாக இருந்தால் மறுத்துவிடும், அது நல்லதற்குத்தான். முடிந்தது என்ற செய்தி வரும்வரை பட்டன், கார்டு மூடி எதையும் தொடாதீர்கள். பிறகு ஒருமுறை அணைத்துப் போட்டு, பதிப்பைச் சரிபார்த்து, தேதியையும் பாருங்கள்.

சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் கார்டு வழி கிடையாது. கணினியில் ஓடும் அப்டேட்டர் மென்பொருளும் யூஎஸ்பி கேபிளும் வேண்டும். மெனுவில் யூஎஸ்பி இணைப்பை 'மாஸ் ஸ்டோரேஜ்' என்று மாற்றாவிட்டால் அப்டேட்டர் கேமராவையே பார்க்காது. அப்போதும் பார்க்கவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். பவர் பேங்கோடு வரும் கேபிள்களில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. பழைய அப்டேட்டர் புதிய மேக்கில் ஓடாமல் போவதும் உண்டு, விண்டோஸ் கணினி ஒன்று தேடிக்கொள்வது மேல். ஜப்பான் உள்நாட்டு மாடல் யாராவது கொண்டுவந்து கொடுத்திருந்தால் அதில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும். ஃபர்ம்வேர் போட்டால் ஆங்கிலம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள், வராது.

பழைய இக்ஸஸ்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேனன் அப்டேட் எதுவும் வெளியிட்டதே இல்லை. 'உங்கள் இக்ஸஸுக்குப் புது ஃபர்ம்வேர்' என்று வேறு தளம் எதுவும் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பதிப்பு மட்டும் தெரிய வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. கார்டின் முதல் தளத்தில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, அதற்கு ஆங்கிலத்தில் வி, இ, ஆர், புள்ளி, ஆர், இ, க்யூ என்று பெயர் கொடுங்கள். கேமராவைப் படம் பார்க்கும் மோடில் ஆன் செய்து, ஃபங்ஷன்/செட் பட்டனை அழுத்தியபடி டிஸ்ப் பட்டனை அழுத்தினால் பதிப்பு எண் வரும். வரவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் உங்களுக்குத் தெரியாமல் கடைசியில் 'டிஎக்ஸ்டி' ஒட்டியிருக்கும். ஃபோல்டர் மெனுவில் கோப்பு வால்களைக் காட்டச் சொல்லிவிட்டுப் பெயரைத் திருத்துங்கள்.

அந்த எண் எதற்குப் பயன்படும் என்றால், சிஎச்டிகே என்ற தன்னார்வலர் மென்பொருளுக்கு. அது கேமராவின் ஃபர்ம்வேரை மாற்றுவதே இல்லை. கார்டிலிருந்து தற்காலிகமாக ஏறி, ரா படம் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிப்பது), நீண்ட எக்ஸ்போஷர், இடைவெளி விட்டு எடுக்கும் ஸ்கிரிப்ட் போன்றவற்றைத் தந்து, கேமராவை அணைத்ததும் போய்விடும். மாடலும் பதிப்பு எண்ணும் இரண்டுமே பொருந்திய தொகுப்பைத்தான் போட வேண்டும். கார்டைத் தயார்செய்து, பக்கவாட்டு லாக் சுவிட்சைப் பூட்டிய நிலையில் வைத்தால் தானாக ஏறும். ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் மங்கலான வெளிச்சத்தில் ரா எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு, பத்து வருடம் பழைய இக்ஸஸிலும் இது உதவும்.

கணினியே இல்லை, போன் மட்டும்தான் என்றாலும் கார்டு வழி அப்டேட்டுகளைச் செய்யலாம். போனில் நேரே செருகும் ஓடிஜி கார்டு ரீடர் ஒன்று போதும். கார்டை முதலில் கேமராவில் ஃபார்மேட் செய்து, போனின் ஃபைல் ஆப்பில் ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்பை மட்டும் கார்டுக்கு நகலெடுங்கள். ரீடரைப் பிடுங்குமுன் போனில் 'இஜெக்ட்' கொடுக்க மறக்காதீர்கள். எழுதி முடிந்ததுபோலத் தெரியும், ஆனால் கடைசிப் பகுதி போனின் நினைவிலேயே நின்றிருக்கும். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பி வாங்குவது வேண்டாம், நேரே தயாரிப்பாளர் தளத்திலிருந்தே எடுங்கள்.

நடுவில் நின்றுவிட்டால்? முன்னேற்றக் கோடு அறுபது சதவீதத்தில் அசையாமல் நிற்பதும் கடைசியில் தானே முடிவதும் இயல்பு. குறைந்தது அரை மணி நேரம் கை கட்டிக்கொண்டு இருங்கள். அதற்கும் மேல் அசையவில்லை என்றால் மட்டும் அணையுங்கள். பேட்டரியைக் கழற்றி, அடாப்டரை எடுத்து, பத்து நிமிடம் விட்டு, வேறொரு கார்டில் புதிதாக டவுன்லோடு செய்த கோப்போடு அதே பட்டன் முறையில் மறுபடி முயலுங்கள். பூட்லோடர் உயிரோடு இருந்தால் இந்த இரண்டாவது முயற்சியிலேயே எழுந்துவிடும். திரையில் வெளிச்சமே வராமல், கணினியும் அதை எந்த யூஎஸ்பி சாதனமாகவும் காட்டாமல் இருந்தால் மதுரைக்கோ திருச்சிக்கோ சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். போகும்போது நீங்கள் பயன்படுத்திய அதே கார்டையும் அடாப்டரையும் கொண்டுபோங்கள், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சாதனத்தோடு ஒட்டிக் கொடுங்கள். 'தானாகவே போயிடுச்சு' என்று மட்டும் சொன்னால், போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் முதல் பதிலாக வரும்.